கொள்கலனுக்குள் இருப்பதும் தாளில் எழுதப்படுவதும்

இலங்கை ஒரு தீவு என்பதை நாம் அனைவரும் பாடசாலையின் கீழ் வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். எனினும் அந்த உண்மையின் முழுப் பொருளையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நாம் உண்ணும் பருப்பும் சீனியும், நோயாளர் உட்கொள்ளும் மருந்தும், பிள்ளைகள் எழுதும் கடதாசியும் பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றன. நமது தேயிலையும் ஆடைகளும் தெங்குப் பொருட்களும் கடல் கடந்தே செல்கின்றன. எரிபொருள், கோதுமை போன்ற மொத்தச் சரக்குகளை விடுத்தால், ஏனையவற்றுள் மிகப் பெரும் பகுதி கொள்கலன் எனப்படும் உருக்குப் பெட்டிக்குள் அடைபட்டே பயணஞ் செய்கின்றது.

20 அடிக் கொள்கலனை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடும்போது, 2019 ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகம் ஏறத்தாழ 72 இலட்சம் அலகுகளைக் கையாண்டது. இவற்றுள் பத்தில் எட்டுப் பங்கு வேறு நாடுகளுக்கு உரியவை. அவை ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு கப்பலில் ஏற்றப்படுபவை. இத்துணை பெரிய கொள்கலன் துறைமுகத்தைத் தன்னகத்தே கொண்டுள்ள இந்நாட்டில், ஒரு பெட்டிச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் நடைமுறையை அறிந்தோர் தொகை மிகச் சிறியதாகவே உள்ளது. யாழ்ப்பாணத்தில் பனம் பண்டம் செய்வோரும், மட்டக்களப்பில் கடலுணவு பதனிடுவோரும், மலையகத்தில் வாசனைத் திரவியம் பயிரிடுவோரும் இவ்விடயத்தில் முகவரின் வாய்ச்சொல்லையே நம்பியிருக்கின்றனர். ஆகவே, கொள்கலன் வாணிபத்தின் அடிப்படைகளை இங்கு எளிமையாக விளக்க விழைகின்றோம்.

பெட்டி பிறந்த கதை

கொள்கலன் தோன்றுவதற்கு முன்னர் சரக்குகள் மூடையாகவும் பீப்பாவாகவும் பெட்டியாகவும் தனித்தனியே ஏற்றியிறக்கப்பட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே வத்தைகள் ஓடின. துறைமுகத் தொழிலாளர் மூடைகளை முதுகிலே சுமந்தனர். ஒரு கப்பல் கடலில் ஓடிய நாட்களுக்கு ஏறத்தாழ நிகராகத் துறைமுகத்திலும் தரித்து நிற்பதுண்டு. சேதமும் களவும் தவிர்க்க முடியாதனவாகக் கருதப்பட்டன.

அமெரிக்காவில் லொறிப் போக்குவரத்து நிறுவனமொன்றை நடத்திவந்த மெல்கம் மக்லீன் என்பவர் இதற்கு மாற்றுவழி கண்டார். லொறியிலுள்ள சரக்கை இறக்கி மீண்டும் கப்பலில் ஏற்றுவதற்குப் பதிலாக, லொறியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்பதே அவரது எண்ணம். 1956 ஏப்ரல் 26 ஆம் திகதி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்றுவதற்குத் தொன் ஒன்றுக்கு அக்காலத்தில் 5.86 டொலர் செலவாயிற்று. பெட்டியாக ஏற்றியபோது அது சுமார் 16 சதமாகக் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது.

1960களின் பிற்பகுதியில் பெட்டியின் அளவுகள் சர்வதேச ரீதியில் தரப்படுத்தப்பட்டன. அதன் பின்னரே எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுப் பாரந்தூக்கிக்கும் லொறிக்கும் பொருந்தும் நிலை உருவாகியது. இலங்கையில் ஜய கொள்கலன் முனையம் 1985 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கொள்கலன் முறையின் சிக்கனம் முழுவதும் பெட்டியைத் திறக்காமையிலேயே தங்கியிருக்கின்றது. அனுப்புபவரின் களஞ்சியத்தில் பூட்டப்படும் பெட்டி, பெறுபவரின் களஞ்சியத்திலேயே திறக்கப்பட வேண்டும். இடையிலே அதனைக் கையாளும் சாரதிக்கோ, பாரந்தூக்கி இயக்குநருக்கோ, கப்பல் தலைவருக்கோ உள்ளே இருப்பது என்னவென்று கண்ணாற் காண வழியில்லை. அவர்கள் அறிவதெல்லாம் தாளில் எழுதப்பட்டிருப்பதை மட்டுமே. கொள்கலன் வாணிபத்தின் வசதிகளும் ஆபத்துகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அளவும் எடையும்

பெரும்பாலும் வழக்கிலுள்ளவை 20 அடி, 40 அடி நீளமுள்ள கொள்கலன்கள். இரண்டுக்கும் அகலம் 8 அடி, உயரம் 8 அடி 6 அங்குலம். இதனிலும் ஓரடி உயரமான 40 அடிக் கொள்கலனும் உண்டு. 20 அடிக் கொள்கலனின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீற்றர், 40 அடிக்கு அது சுமார் 67 கன மீற்றர், உயரங்கூடியதற்குச் சுமார் 76 கன மீற்றர் ஆகும். பொதிகளுக்கிடையே இடைவெளி விடுபடுவதால் இந்த அளவு முழுவதையும் நிரப்ப இயலாது.

புதிய வர்த்தகர்கள் பலரும் தடுமாறும் இடம் எடையாகும். 40 அடிக் கொள்கலனில் இடம் இருமடங்கு உண்டெனினும், அது இருமடங்கு எடையைத் தாங்காது. பெட்டியின் எடையும் சேர்ந்து இரண்டுக்குமே பொதுவான உச்ச எல்லை 30,480 கிலோகிராம் அளவிலேயே அமைகின்றது. வீதிச் சட்டங்களும் கப்பல் நிறுவனங்களின் வரையறைகளும் இதனை மேலும் குறைக்கக்கூடும். ஆகவே தரையோடு, கனிய மணல் போன்ற பாரமான பொருட்களுக்கு 20 அடியும், தும்புப் பொருட்கள், ஆடைகள் போன்ற இடத்தை அடைக்கும் பொருட்களுக்கு 40 அடியும் பொருத்தமானவை.

இறால், நண்டு, மீன் போன்றவற்றுக்குக் குளிரூட்டப்பட்ட கொள்கலன் தேவை. அது ஏற்கெனவே உறைநிலையிலுள்ள பொருளை அந்நிலையிலேயே பேணுவதற்காக ஆக்கப்பட்டது. சூடான பொருளைக் குளிர்விப்பது அதன் வேலையன்று. சாதாரண கொள்கலனில் செல்லும் மிளகு, கறுவா, தேயிலை போன்றவற்றுக்கு ஈரமே பகை. வெப்ப மாற்றத்தினால் பெட்டியின் கூரையில் நீர்த்துளி படிந்து சரக்கின் மீது சொட்டுவதுண்டு. நன்கு உலர்த்தாத பொருளை ஏற்றியவர் அதன் விலையை மறுகரையில் கொடுக்க நேரிடும்.

ஒவ்வொரு கொள்கலனுக்கும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட அடையாளம் உண்டு. இறுதி இலக்கம் ஏனையவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எண்ணைப் பிழையாக எழுதினால் கணினி அதனை உடனே காட்டிக்கொடுக்கும். கதவு பூட்டப்பட்டதும் இலக்கமிடப்பட்ட முத்திரை இடப்படும். கொள்கலன் எண், முத்திரை எண் ஆகிய இரண்டையும் அனுப்புபவர் தம் கைப்படக் குறித்து வைப்பதோடு, ஏற்றும்போது நிழற்படம் எடுத்து வைத்தலும் நன்று.

முழுப் பெட்டியும் பகுதிச் சரக்கும்

கொள்கலன் முழுவதையும் ஒருவரே அமர்த்துவது ஒரு முறை. இதனை வர்த்தகர்கள் எஃப்.சி.எல். என்பர். சிறிதளவு பொருளை மட்டும் அனுப்புபவர், வேறு பலரின் சரக்குகளோடு சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்புவது எல்.சி.எல். எனப்படும் பகுதிச் சரக்கு முறை. சரக்குத் திரட்டும் நிறுவனங்கள் களஞ்சியத்தில் பொதிகளைச் சேர்த்துப் பெட்டியை நிரப்புகின்றன. நமது சிறு உற்பத்தியாளர்களுக்கு உரியது பெரும்பாலும் இம்முறையே.

இதில் கட்டணம் ஒரு கன மீற்றர் அல்லது 1,000 கிலோகிராம் என்ற அடிப்படையில், எது கூடுதலோ அதற்கு அறவிடப்படும். 3 கன மீற்றர் இடத்தை அடைக்கும் ஓலைக் கைப்பணிப் பொருட்களின் எடை 400 கிலோகிராமாக இருந்தாலும், அனுப்புபவர் மூன்று அலகுக்கே கட்டணஞ் செலுத்த வேண்டும். ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிப் பொதியைச் சுருக்கினால் செலவும் சுருங்கும்.

பகுதிச் சரக்கில் மற்றொரு கவனமும் தேவை. கடற்கட்டணம் மிகக் குறைவு என்று கூறப்படும் இடங்களில், மறுகரையில் களஞ்சியக் கட்டணம், ஆவணக் கட்டணம் எனப் பல பெயர்களில் பெருந்தொகை அறவிடப்படுவதுண்டு. அது பொருளைப் பெறுபவரின் தலையில் விழும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிறுகடை நடத்தும் ஒருவர் முதற் பொதியிலேயே எதிர்பாராத செலவைச் சந்தித்தால், இரண்டாம் பொதிக்கு அவர் கட்டளை அனுப்பப் போவதில்லை. ஆகவே இரு கரைகளின் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் வேண்டும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தாள்

கப்பல் நிறுவனம் வழங்கும் ‘பில் ஒவ் லேடிங்’ என்னும் ஆவணமே இவ்வாணிபத்தின் ஆணிவேர். சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்கான பற்றுச்சீட்டு, ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்தின் சான்று, சரக்கின் மீதான உரித்தைக் கைமாற்றும் பத்திரம் ஆகிய மூன்றாகவும் அது விளங்குகின்றது. வழக்கமாக மூன்று மூலப் பிரதிகள் வழங்கப்படும். அவற்றுள் ஒன்றைக் கையளிப்பவருக்கே சரக்கு விடுவிக்கப்படும். பணம் வரும்வரை மூலப் பிரதியைத் தம்மிடமோ வங்கியிடமோ வைத்திருப்பதே ஏற்றுமதியாளரின் பாதுகாப்பு. பணத்தைப் பெறாது அதனை அனுப்பிவிடுவது, வீட்டு உறுதியைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இந்தத் தாளை ஊன்றிப் படிப்போர் ஒரு வாசகத்தைக் காண்பர். உள்ளே இன்ன பொருள் ‘இருப்பதாகக் கூறப்படுகின்றது’ என்றும், ஏற்றியதும் எண்ணியதும் அனுப்புபவரே என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கப்பல் நிறுவனம் பொறுப்பேற்பது முத்திரையிடப்பட்ட ஒரு பெட்டியை மட்டுமே. முத்திரை உடையாது பெட்டி வந்து சேர்ந்து, உள்ளே பொருள் குறைந்திருந்தால், வழக்காடுவது எளிதன்று.

பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி, சரக்குச் சேதத்துக்குக் கப்பல் நிறுவனம் செலுத்தும் இழப்பீட்டுக்கு உச்ச எல்லை உண்டு. அது பொதி ஒன்றுக்கு அல்லது கிலோகிராம் ஒன்றுக்கு இவ்வளவு என எது கூடியதோ அதன்படி கணிக்கப்படும். ஆவணத்தில் ‘500 அட்டைப் பெட்டிகள்’ என்று எழுதப்பட்டிருந்தால் 500 பொதிகள். ‘ஒரு கொள்கலன்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் ஒரே பொதி. ஒரு வரியின் வேறுபாடு பெருந்தொகை இழப்பாகலாம். வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும், வழக்குக்கு ஓராண்டே அவகாசம் என்பதும் இவ்விதிகளில் அடங்கும்.

யாருடைய செலவு, யாருடைய ஆபத்து?

வாங்குபவரும் விற்பவரும் பொறுப்பைப் பிரித்துக்கொள்வதற்கெனப் பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936 ஆம் ஆண்டு முதல் வாணிபச் சொற்றொகுதியொன்றை வெளியிட்டு வருகின்றது. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பே இறுதியானது. எஃப்.ஓ.பி. என்றால் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்றால் கடற்கட்டணத்தையும் காப்புறுதியையும் விற்பவர் செலுத்துகின்றார்.

இங்கே பலரிடம் ஒரு தப்பெண்ணம் நிலவுகின்றது. சி.ஐ.எஃப். கொழும்பு என்று வாங்கினால், கொழும்பு வரும்வரை விற்பவரே பொறுப்பு என்று நம் இறக்குமதியாளர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. செலவு கொழும்பு வரை விற்பவருடையது. ஆபத்தோ அந்நாட்டில் கப்பலில் ஏற்றப்பட்ட கணத்திலேயே வாங்குபவருக்கு மாறிவிடுகின்றது. அத்துடன், சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் எடுக்க வேண்டிய காப்புறுதி மிகக் குறைந்தபட்ச அளவினதே என்பதையும் மறத்தலாகாது.

காப்புறுதி ஏன் தேவை என்பதற்கு ‘எவர் கிவன்’ கப்பலின் கதை போதும். 2021 மார்ச் 23 ஆம் திகதி சுயெஸ் கால்வாயில் தரைதட்டிய அக்கப்பல் ஆறு நாட்களின் பின் விடுவிக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டுப் பிணக்கினால் ஜூலை 7 ஆம் திகதி வரை எகிப்தில் தடுத்து வைக்கப்பட்டது. கப்பலின் உரிமையாளர் ‘பொதுச் சராசரி’ என்னும் பழைமையான கடற்சட்ட விதியைப் பிரகடனஞ் செய்தார். கப்பலையும் சரக்கையும் ஒருங்கே காப்பாற்றச் செய்த செலவைச் சரக்கின் சொந்தக்காரர் அனைவரும் பெறுமதிக்கேற்பப் பகிர வேண்டும் என்பதே அவ்விதி. அதன்படி பிணை வழங்காதவருக்குச் சரக்கு விடுவிக்கப்படாது. காப்புறுதி செய்தவருக்காகக் காப்புறுதி நிறுவனம் பிணை நிற்கும். செய்யாதவர், தமது சரக்கு சிறிதும் சேதமுறாதபோதிலும், காசை வைப்பிலிட்டே அதனைப் பெற வேண்டும்.

நாட்களுக்கும் விலையுண்டு

கப்பலிலிருந்து இறங்கிய கொள்கலனை எடுப்பதற்குக் குறிப்பிட்ட நாட்கள் இலவசமாக வழங்கப்படும். அதன் பின்னர் ‘டெமரேஜ்’ எனப்படும் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும். பெட்டியை வெளியே கொண்டு சென்று வெறுமையாக்கித் திருப்பியளிக்கச் சுணங்கினால், ‘டிட்டென்ஷன்’ என்ற பெயரில் வேறொரு கட்டணம் உண்டு. துறைமுகக் களஞ்சிய வாடகை இவற்றினின்றும் வேறானது. இக்கட்டணங்கள் நாள் செல்லச் செல்லக் கூடிய வீதத்தில் ஏறுவதனால், மலிவான சரக்கின் பெறுமதியையே சில வாரங்களில் விழுங்கிவிடக்கூடும்.

தாமதத்துக்குக் காரணம் கடல் மட்டுமன்று. விலைப்பட்டியலிலும் பொதிப்பட்டியலிலும் எடை வேறுபடுதல், பெறுபவரின் பெயரில் எழுத்துப் பிழை, மரத்தட்டில் பூச்சியொழிப்பு முத்திரை இல்லாமை, மூலப் பிரதி பிந்தி வருதல் என்பனவும் காரணமாகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை கப்பல் புறப்படுமுன் ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவையே.

தாள் பொய்யுரைக்கும்போது

தாளில் எழுதுவது தவறானால் பாதிப்பு அனுப்பியவரோடு நிற்பதில்லை. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் சேதமுற்று இங்கிலாந்துக் கரையில் ஒதுக்கப்பட்ட ‘எம்.எஸ்.சி. நபோலி’ கப்பலின் மேற்தளத்தில் நனையாதிருந்த சுமார் 660 கொள்கலன்கள் நிறுக்கப்பட்டன. அவற்றுள் 137 கொள்கலன்களின் எடை, தாளில் கூறப்பட்டதிலிருந்து 3 தொன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. இத்தகைய அனுபவங்களின் விளைவாகவே, நிறுத்து உறுதிசெய்யப்பட்ட எடையின்றி எந்தக் கொள்கலனையும் கப்பலில் ஏற்றலாகாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

நமது அனுபவமும் கசப்பானதே. பயன்படுத்திய மெத்தைகள், விரிப்புகள் என்று கூறி 2017, 2018 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொள்கலன்களில் மருத்துவக் கழிவுகளும் காணப்பட்டன. நீதிமன்றம் வரை சென்ற அவ்விவகாரத்தில், 263 கொள்கலன்களுள் இறுதித் தொகுதி திரும்பிச் சென்றது 2022 பெப்ரவரியிலேயே ஆகும்.

‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ அனர்த்தத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1,486 கொள்கலன்களைச் சுமந்து வந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது வழியிலேயே தெரிந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அதனை இறக்க இயலவில்லை. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலும் கரையிலும் பரவின. மேற்குக் கரையோர மீனவர்கள் தொழிலிழந்து நின்றனர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. நீர்கொழும்பில் வலை வீசிய மீனவருக்கும் அந்த அமிலப் பெட்டியைப் பொதி செய்தவருக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஆனால் ஒருவரின் கவனயீனத்தை மற்றவரே சுமந்தார்.

இந்நிலையில், 2025 ஜனவரியில் கொழும்பில் 323 கொள்கலன்கள் பௌதீகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை எழுப்பிய சர்ச்சை நியாயமானதே. எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்ப்பது எந்த நாட்டுக்கும் இயலாது. அவ்வாறு செய்தால் துறைமுகம் நின்றுவிடும். ஆகவே ஆபத்தானவை எனக் குறிக்கப்பட்ட சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சோதிக்கின்றனர். அச்சிலவற்றையும் திறக்காதுவிட்டால், தாளில் உண்மை எழுதுவோருக்கும் பொய் எழுதுவோருக்கும் வேறுபாடு இல்லாமற் போய்விடும்.

செய்ய வேண்டியது

சிறு ஏற்றுமதியாளருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. பொருளைப் பொதி செய்வதில் காட்டும் அதே அக்கறையைத் தாளை நிரப்புவதிலும் காட்டுங்கள். ஆவணத்தின் மாதிரியைக் கேட்டுப் பெற்று, பெயர், பொதி எண்ணிக்கை, எடை, முத்திரை எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள். சிறு தொகையாயினும் காப்புறுதி செய்யுங்கள். விளங்காத சொல்லுக்குக் கையொப்பமிடாதீர்கள்.

அரசுக்கும் இதில் கடமையுண்டு. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. எனினும் கப்பல், சுங்கம் தொடர்பான ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே புழங்குகின்றன. சர்வதேச வாணிபத்தில் இதனை முற்றாக மாற்றுவது இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் அவற்றை நிரப்பும் முறை, கட்டணங்களின் விபரம், முறைப்பாடு செய்யும் வழி என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான கையேடாக வெளியிடுவதற்குத் தடையேதுமில்லை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் சுங்கத் திணைக்களமும் மாவட்ட வர்த்தக சங்கங்களோடு இணைந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் இதற்கான பயிற்சிகளை நடத்தலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புத் துறைமுகம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பொருளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு சிறு உற்பத்தியாளர், தமக்கு விளங்காத ஒரு வரியினால் அதனை இழக்க நேர்வது அவருக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் இழப்பாகும். அதனைத் தவிர்ப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு கையேடும், அதனை விளக்கிக் கூற ஓர் அலுவலரும் போதும். சம்பந்தப்பட்டோர் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.